உறைந்த ஆறும் ஏழாவது பலகையும்

ஃபேன் போட்டால் ஐஸ் கரையாது என்று வரலாற்றுத் துறைக் கௌரவ விரிவுரையாளர் ஒருவர் நம்பலாம், தப்பில்லை. அதைச் செய்து பார்த்ததுதான் தப்பு.

சித்தார்த்தன் மரக்காணத்தில் மீனுக்குப் போடுகிற ஐஸ் பாரில் மூன்றைச் சாக்கில் சுற்றி, குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, காலை ஏழு மணிக்கே கல்லூரி ஹாலில் இறக்கிவிட்டார். மேஜைமேல் அடுக்கி, தெர்மாகோல் கடைகளும் ஒரு குதிரைவண்டியும் வைத்தார். முந்நூறு வருஷத்துக்கு முன் லண்டனில் தேம்ஸ் ஆறு உறைந்துபோய், அதன்மேல் ஜனங்கள் சந்தை போட்ட காட்சி. கண்காட்சிக்குப் பெயர் ‘சிறு பனியுகம்: குளிர் மாற்றிய வாழ்க்கை’. ஐஸ் அப்படியே நிற்கட்டும் என்று நாலு ஃபேனையும் ஐந்தில் திருப்பிவிட்டு, எட்டு மணிக்கு டீ குடிக்கப் போனார். மனுஷனுக்கு ஜில்லென்று இருக்கிறதே, ஐஸுக்கு இருக்காதா? ஆராய்ச்சி முடிவு அவ்வளவுதான்.

பத்தரைக்கு தேம்ஸ் கரைபுரண்டு வாசலைத் தாண்டியது. குதிரைவண்டி மைக் ஒயர் பக்கம் மிதந்தது. ஹால் முழுக்கக் கவிச்சை. சிறப்பு விருந்தினர் வேட்டியை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாசலிலேயே ரிப்பனை வெட்டிவிட்டு, திண்டிவனத்துக்கே திரும்பிவிட்டார்.

“வெளியில இருக்கிற சூட்டுக் காத்தை ஐஸ் மேலேயே ஊதிவிட்டிருக்கீங்க சார்” என்றார் இயற்பியல் சித்ரா. “ஜல்தியா கரையாம இன்னா செய்யும்? ஒன்பதாங் கிளாஸ் பாடம்.”

“ஒன்பதாவதுல எங்க ஸ்கூல்ல சயின்ஸ் வாத்தியார் போஸ்ட் காலி மேடம்.”

சித்ரா சிரித்தார். சித்தார்த்தனும் சிரித்துக்கொண்டே சுவரைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

சுவரில் ஏழு பலகைகள் மாட்டியிருந்தார். குளிர் தாங்காமல் மாட்டோடு ஒரே அறையில் படுத்த குடும்பங்கள், விளையாத கோதுமை, ரொட்டிக் கலவரம், திராட்சையை விட்டு பீருக்கு மாறிய ஊர்கள். ஆறு பலகைகள் அப்படியே இருந்தன. ஏழாவது இருந்த இடத்தில் ஆணி மட்டும்.

ஏழாவதுக்கு ‘அதே காலத்தில் நம்ம பக்கம்’ என்று தலைப்பு. திருவெண்ணெய்நல்லூர் பக்கத்து ஊர் ஒன்றில், மழையில்லாத வருஷத்தில் எழுதிய ஓலையின் நகல். ஒரு கலம் நெல்லுக்குத் தன்னையும் பெண்டாட்டியையும் பிள்ளைகளையும், இனிப் பிறக்கப்போகிற பிள்ளைகளையும் ஒருவன் அடிமையாக எழுதிக்கொடுத்த ஓலை. அடியில் சித்தார்த்தன் தன் கையால் எழுதியிருந்தார்: ‘ஐரோப்பாவின் குளிருக்கும் இந்தப் பஞ்சத்துக்கும் எவ்வளவு தொடர்பு என்று இன்னும் விவாதம் நடக்கிறது. பசித்ததில் விவாதமில்லை.’

அவருடைய அப்பா முருகையன் அந்த ஊரில்தான் பண்ணைப் படியாளாக இருந்தவர். நமக்கு ஏம்ப்பா நெலமே இல்ல என்று சின்ன வயதில் கேட்டதற்கு, “நம்ம ஆளுங்க குடிச்சே அழிச்சிட்டாங்கடா” என்றார். ஒரு சொட்டு குடிக்காத மனுஷன். யாரோ அவர் வாயில் திணித்த பதில் அது. இன்று மூன்று மணிக்கு அவர் பஸ் பிடித்து வருகிறார், அந்த ஒரு பலகையைப் பார்க்க.

“தண்ணில போயிருக்கும் சார்” என்றார் சித்ரா, முகத்தைப் பார்க்காமல்.

“எடம் பத்தலன்னு எடுத்திருப்பாங்க” என்றது ஆபீஸ். காலிச் சுவர் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்த சவுரியம்மாளிடம் போனார்.

“தண்ணி செவுரேறி ஆறடிக்குப் போவுமா சாரு? எட்டரைக்கு நான் பெருக்க வந்தப்பவே வெறும் ஆணிதான்.”

“யாருக்கா எடுத்தது?”

“என்னாண்ட கேக்காதீங்க. இந்த வேலை போச்சுன்னா நீங்களா சோறு போடுவீங்க?” துடைப்பத்தை நிறுத்தாமல், கண்ணால் மட்டும் முதல்வர் அறையைக் காட்டினார்.

முழங்கால்வரை நனைந்த பேன்ட்டோடு, மீன் கூடை மாதிரி நாறிக்கொண்டு, அனுமதி கேட்காமல் உள்ளே போனார் சித்தார்த்தன்.

முதல்வர் பெரியதம்பி நிமிர்ந்தார். “ஒக்காருங்க. ஐயய்ய, வேணாம், நில்லுங்க.”

“ஏழாவது பலகை எங்க சார்?”

“ஹாலையே நாறடிச்சிட்டு பலகையக் கேக்குறீங்களா?”

“நாறடிச்சது நான்தான். என்னை மாதிரி முட்டாளு இந்தத் தாலுக்காவுலயே கெடையாது, எழுதி வேணாலும் தர்றேன். பலகைய எடுத்தது யாரு?”

“தண்ணி…”

“தண்ணி செவுரேறாது சார். ஒன்பதாங் கிளாஸ் பாடம்.”

“அது சிலபஸ்ல இல்லாத விஷயம்.”

“லண்டன்காரன் மாட்டோட படுத்தது சிலபஸ்ல இருக்கா?”

“பிரச்சனை வரும் சித்தார்த்தன். புரிஞ்சிக்கினு…”

“எத்தினி வருஷமா சார் நாங்களே புரிஞ்சிக்கினு இருக்கிறது?” மேஜைக் கண்ணாடி அதிரக் கையை வைத்தார். “வெள்ளைக்காரன் குளுருல நடுங்கினா சரித்திரம். எங்க ஆளு பசியில தன்னையே வித்தா பிரச்சனையா? மூணு மணிக்கு எங்கப்பா வர்றாரு. எழுவத்திநாலு வயசு. ஒரு பொய்ய அறுவது வருஷமா சொமந்துக்கினு இருக்காரு. அவருக்கு இன்னொரு பொய்யா? தண்ணில போச்சுன்னு சொல்லட்டுமா? சொல்லுங்க!”

பெரியதம்பி எழுந்து பீரோவைத் திறந்தார். பலகை ஒரு துளி ஈரமில்லாமல் வேட்டித் துணியில் சுற்றியிருந்தது. பிரித்து மேஜைமேல் வைத்தார். அவர் விரல் ஓலையின் கடைசி வரியில் நின்றது.

“நான்தான் எடுத்தேன். நீ டீ குடிக்கப் போனப்ப. எழுதி வாங்கினவன்னு ஒரு பேரு இருக்குதே, அது எங்க வீட்டுப் பேரு. காடு திருத்தி வந்த நெலம்னு சொல்லித்தான் என்னை வளத்தாங்க. எம்பொண்ணு இளவரசி இங்க செகண்ட் இயர் படிக்கிறா. அவ இதைப் படிச்சிட்டு எம்மூஞ்சியப் பாப்பாளேன்னு பயந்து எடுத்தேன்ப்பா. வேற ஒரு காரணமும் இல்ல.”