ஃபோன் வருது

பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையில், கல்யாண வீட்டாருக்கு அரக்குச் சேலை ஒன்றைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள் சங்கரி. அப்போது செல்போன் அதிர்ந்தது. சுவிட்சர்லாந்தில் மலையடிவார ஹோட்டல் ஒன்றில் சமையல்காரனாக இருக்கும் அவள் கணவன் காசிநாதன் செய்தி அனுப்பியிருந்தான்.

"ஃபோன் வருது. அடுப்பெல்லாம் அணைச்சாச்சு. எல்லாரையும் வெளிய போகச் சொல்றாங்க. அப்புறம் பேசறேன்."

உடனே கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே.

பக்கத்தில் சேலை மடித்துக்கொண்டிருந்த புவனேஸ்வரி வாங்கிப் படித்தாள். "யாரு ஃபோனு? பாம் வச்சிருக்கோம்னு எவனாவது மிரட்டியிருப்பானோ? இங்க ஸ்கூலுக்கெல்லாம் வருதே, அந்த மாதிரி."

வாடிக்கையாளர் விலை கேட்டார். புவனேஸ்வரிதான் சமாளித்தாள். சங்கரி கடை வாசலுக்கு வந்து, வெயிலில் நின்றபடி திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். ஹோட்டல் எண்ணும் எடுக்கவில்லை. மத்தியானச் சோறு அப்படியே இருந்தது. மாமியாரிடம் சொல்லவும் பயம்.

நாலு மணிக்கு அவனே கூப்பிட்டான்.

"இன்னா ஆச்சுங்க? யாரு மிரட்டினது?"

"மிரட்டலா? ஐயோ, அது டெலிஃபோன் இல்லம்மா. ஃபோன்னா இங்க ஒரு காத்து. மலைக்கு அந்தாண்ட மழையைக் கொட்டிட்டு, இந்தாண்ட இறங்கறப்ப அனலா அடிக்கும். அது வந்தா ஊர்ல ஒருத்தரும் நெருப்பே மூட்டக் கூடாது. இந்தவாட்டி காட்ல பத்திக்கிச்சு. டவரும் போயிட்டுது. கீழ் ஊரு ஸ்கூல்ல இருக்கோம்."

"காத்துக்கு எவன் இந்தப் பேரு வச்சான்?"

"முதலாளியம்மா சொன்னாங்க. ரோமாபுரிக்காரங்க மேக்கேருந்து அடிக்கிற காத்தை ஃபவோனியஸ்னு கூப்பிடுவாங்களாம். மலைக்காரங்க வாயில தேஞ்சு ஃபோன்னு ஆயிட்டுது. இங்க தெக்கேருந்துதான் அடிக்குது, பேரு மட்டும் அதோடது."

"அனல்காத்துன்னு எழுதித் தொலைச்சிருந்தா நான் இப்படிச் செத்துப் பொழைச்சிருப்பேனா?" சங்கரி நடுத்தெருவில் அழுதாள்.

அவன் பின்னால் ஏதோ தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது. தீ எவ்வளவு தூரத்தில் என்று கேட்டாள். அவன் கொஞ்சம் தயங்கி, "ஹோட்டலுக்குப் பக்கத்துல" என்றான்.

காற்று மறுநாளும் அடங்கவில்லை. மணிக்கொரு தரம் கூப்பிட்டுப் பேசச் சொன்னாள். மூன்றாம் நாள் காலையில் அங்கே மழை பிடித்தது. ஹோட்டலின் விறகுக் கொட்டகை மட்டும் எரிந்துபோயிருந்தது. "எல்லாம் நனைஞ்சு கிடக்குது, நாளைக்கு அடுப்பு மூட்டலாம்னு சொல்லிட்டாங்க" என்று காசிநாதன் சொன்ன பிறகுதான் சங்கரி உட்கார்ந்து சாப்பிட்டாள்.