கங்காணிக் கோட்டு

ரங்கூனை ஒட்டிய இன்சீனில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் பாழடைந்து கிடந்த பங்களாவின் வேலிச்செடிகளை இடுப்பளவுக்கு வெட்டிவிட்டு, இதுதான் தேயிலைத் தோட்டம் என்றார்கள். வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டத்தைக் காட்டித் தேயிலைத்தூள் விற்க ஒரு விளம்பரப் படம். மலைக்குப் போனால் செலவு அதிகமாம். படத்துக்குத் தமிழாட்கள் சேர்த்துக் கொடுத்தவள் ரங்கூனின் லத்தா பகுதியில் கடை வைத்திருக்கும் பீர் முகைதீனின் மகள் ஷப்னம். அம்சாவின் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, ஒரு நாள் கூத்துதான். நீங்க, அண்ணே, உங்க சம்மந்தி எல்லாரும் வாங்க. பிரியாணி உண்டு."

சம்மந்தி என்றது பாலசந்தரை. அம்சாவின் மகள் அனுவை அவர் மகனுக்குப் பேசி, வெற்றிலை பாக்கும் மாற்றியாயிற்று. தையில் கல்யாணம். பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளை வீட்டாரிடம் தணிந்துதான் பேச வேண்டும் என்பதால், அம்சாவும் அவள் புருஷன் சொக்கனும் அவரிடம் 'வாங்க, இருங்க' என்பதற்குக் குறைந்து ஒரு சொல் சொன்னதில்லை. அக்கம்பக்கத்துப் பர்மியர்களும் 'ஊ' என்ற மரியாதை சேர்த்து அவரை 'ஊ பாலா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

டைரக்டர் இளவயதுப் பர்மியர். ஆட்களை வரிசையில் நிறுத்திப் பார்த்தார். சொக்கனின் மீசை அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஊரெல்லாம் ஒயரிங் வேலை செய்து திரிந்த மனிதருக்குக் காக்கிக் கோட்டும் தலைப்பாகையும் பிரம்பும் கொடுத்துக் கங்காணி ஆக்கிவிட்டார். பாலசந்தருக்குக் கிழிந்த பனியன், இடுப்பில் ஒரு சாக்கு, ஒரு கூடை. அம்சாவும் மற்றப் பெண்களும் முதுகில் கூடையைப் போட்டு, கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டார்கள். கூடை காலிதான், இருந்தும் கயிறு நெற்றியை அறுத்தது. இதில் இலையும் நிறைந்து மழையும் பெய்தால் எப்படி இருந்திருக்கும் என்று அம்சா நினைத்துக்கொண்டாள்.

"கொழுந்து குறையுதாம். கங்காணி அதட்டணுமாம்" என்று டைரக்டர் சொன்னதை ஷப்னம் தமிழில் சொன்னாள். "தமிழ்ல என்ன வேணா சொல்லுங்க அண்ணே. அவங்களுக்கு வெளங்காது."

கேமரா ஓடியது. பிரம்பு கைக்கு வந்ததும் சொக்கனுக்கு என்ன வந்ததோ, எதிரே நின்ற பாலசந்தரைப் பார்த்துக் கத்தினார்!

"டேய்! கொழுந்து எங்கடா? இதுவா ஒரு நாள் வேலை? உனக்கு இன்னைக்கு அரைப்பேருதாண்டா!"

பறித்தது குறைந்தால் முழுநாள் உழைப்பை அரைநாளாக எழுதுவதுதான் அரைப்பேர். வேலிக்கு வெளியே கூடியிருந்த, பாதிக்குமேல் தமிழரான தெருச்சனம் கொல்லென்று சிரித்தது. அந்த நேரம் பார்த்து ஊரைச் சுற்றி ஓடும் ரயில் ஊதிக்கொண்டு போனதால் டைரக்டர் மறுபடி எடுக்க வேண்டும் என்றார்.

பாலசந்தர் கூடையைக் கீழே வைத்தார். நேரே மாமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். அம்சா பின்னாலேயே ஓடினாள்.

"என்னங்க சம்மந்தி?"

"எங்க தாத்தா இலங்கையில தேயிலை மலையில கெடந்தாரும்மா. தலை நரைச்ச பொறவும் அவருக்கு 'டேய்'தான். பேரு சொல்லி ஒருத்தன் கூப்பிட்டதில்ல. அது பொறுக்காமத்தான் ஓடிவந்து ரங்கூனுக்குக் கப்பலேறுனாரு. இன்னைக்கு என் சம்மந்தி வாயிலேயே அதைக் கேட்டாச்சு."

"நடிப்புதானேங்க..."

"தெரு சிரிச்சது நடிப்பா? நாளைக்கு என் மகன் உங்க வீட்டுப் படி ஏறணும்ல. தை மாசத்தைப் பத்திப் பொறவு பேசுவோம்."

அனுவுக்குப் புடவைகூட எடுத்தாயிற்று. அதற்குள் சொக்கனும் வந்து, "வாய் தவறிருச்சுங்க, மன்னிச்சுக்கங்க" என்று கைகூப்பினார்.

"தெருவுக்கே கேக்கறாப்புல வஞ்சிட்டு, மரத்தடியில மன்னிப்பா?"

அது நியாயமாகத்தான் பட்டது அம்சாவுக்கு. புருஷனைப் பார்த்தாள். "கோட்டைக் கழட்டுங்க."

"என்னது?"

"கழட்டிச் சம்மந்திகிட்ட குடுங்க. நீங்க கூடையை எடுங்க."

ஷப்னம் போய் டைரக்டரிடம் பேசினாள். அவருக்கு மீசை போகிறதே என்ற கவலை. ஒட்டுமீசை இருக்கிறது என்றதும் சரி என்றார்.

முதலில் ஒத்திகை. பாலசந்தர் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். சொக்கன் கிழிந்த பனியனோடு வந்து தலையைக் குனிந்து நின்றார். அம்சா நெற்றிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய் சொக்கா!" தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். "கொழுந்து எங்கடா? அரைப்பேருதாண்டா உனக்கு!"

தெரு மறுபடி சிரித்தது. சொக்கன் தலை நிமிரவில்லை. பாலசந்தர் வேலிப்பக்கம் திரும்பி எல்லா முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"ஆரம்பிக்கலாமா ஊ பாலா?" என்று டைரக்டர் பர்மிய மொழியில் கேட்டார். கேமரா ஓடியது.

பாலசந்தர் பிரம்பை ஓங்கினார். கண்ணை உருட்டினார். வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். எதிரே குனிந்திருந்த தலையில் பாதிக்கு மேல் நரை. மறுபடி கத்தினார். அதே குரல்தான், அதே கோபம்தான்.

"சம்மந்தி! கொழுந்து எங்கங்க? இவ்வளவுதான் பறிச்சீங்களா? கூடையைக் கொண்டாங்க இப்படி!"

அடக்கிய சிரிப்பில் சொக்கனின் தோள் குலுங்கியது. பயத்தை என்னமாய்க் காட்டுகிறார் என்று டைரக்டர் நினைத்திருக்க வேண்டும். "கௌங் டெ! கௌங் டெ!" என்று கைதட்டிப் பாராட்டினார். நடந்ததைச் சொல்ல ஷப்னம் வாயெடுத்தாள். அம்சா கூடைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு, வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

பாலசந்தர் ஒட்டுமீசையைப் பிய்த்துக்கொண்டே சொக்கனிடம் வந்தார்.

"தையில பந்தலுக்கு லைட்டு போடுறது நீங்கதானே சம்மந்தி? ஒரு பல்பு எரியலைன்னாலும் அரைப்பேருதான்."