கேட்டில் எரிந்த சிவப்பு விளக்கு

இன்டர்கொம் பழுதாகத்தான் இருக்க வேண்டும் என்று ருக்கியா அல்லாஹ்விடம் துஆ கேட்டாள். வீட்டுச் சாமான் கெட்டுப்போகட்டும் என்று கையேந்திய பொம்பிளை கண்டி மாநகரத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஆனால் அது நல்லபடியாக இருக்கிறது என்று ஆகிவிட்டால், இத்தனை வாரமாக அவளைத் தேடி ஒருவரும் வரவில்லை என்றல்லவா அர்த்தம்.

அருப்பொல மேட்டில் அவள் வீடு பாதைக்குக் கீழே சரிவில் இறங்கிக் கட்டியது. கேட் மேலே இருக்கும். அதை ஒட்டினாற்போல் கணவர் ஜவாஹிர் ஹாஜியாரின் அறை. அங்கிருந்து படியிறங்கி, இன்னும் படியிறங்கித்தான் சமைக்கிற குசினியும் அவள் படுக்கிற அறையும் வரும். கேட்டில் நின்று ஒருவர் தொண்டை கிழியக் கத்தினாலும் கீழே கேட்காது. அதனால்தான் அரசாங்கம் இறக்குமதிச் சந்தையைத் திறந்துவிட, ஜப்பான் சாமான்கள் கடைகளில் வந்து குவிந்த காலத்தில், ஹாஜியார் இந்த இன்டர்கொம்மை வாங்கிப் பூட்டினார். கேட்டில் ஒரு பெட்டி, குசினியில் ஒன்று, அவர் அறையில் பெரியதாக ஒன்று. கேட்டில் பொத்தானை அமுக்கினால் உள்ளே ர்ர் என்று ஒலிக்கும், பேசலாம். டெலிபோனுக்கு எழுதிப்போட்டு வருடங்கள் ஆகியும் கிடைக்காத வீட்டுக்கு அதுதான் வாயும் காதும்.

ஹாஜியார் நோயில் படுத்து மௌத்தானதும், கணவனை இழந்த பெண்ணுக்கு உரிய இத்தாவில் அவள் இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் வெள்ளை உடுத்து, வெளியே இறங்காமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். முதல் சில நாள் கேட்டைத் திறந்தே வைத்திருந்தார்கள். வீடு கொள்ளாத சனம். பிறகு கேட்டைப் பூட்டினார்கள், சனமும் நின்றுவிட்டது. பிள்ளைகள் இல்லாத வீடு. காலையில் பின்பக்கத்து ஒழுங்கைப் பாதையால் வந்து சமையலுக்கு உதவிவிட்டுப் பின்னேரம் திரும்பிப் போகிற வீரம்மாவைத் தவிர அவளுக்கு மனித முகம் என்று ஒன்று கிடையாது. சுவரோடு பேசத் தொடங்கிவிடுவேனோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

சனம் வராததைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். ராத்தா வராததைத்தான் பொறுக்க முடியவில்லை.

ராத்தா என்றால் அவளுடன் பிறந்த மூத்தவள், உம்மு குல்சும். நாவலப்பிட்டியில் இருக்கிறாள். ஒன்பது வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. உம்மா மௌத்தான அன்றைக்குக் கண்டிக்கு ஆள் அனுப்பினாள்தான். ஆனால் அனுப்பியது கபுறுக் குழி வெட்டி முடிந்த பிறகு. ருக்கியா போய் இறங்கும்போது ஜனாஸாவை அடக்கிவிட்டு ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பெற்ற தாயின் முகத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லை. கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கலாம், நான் சொல்லவில்லை, என் பிழைதான் என்று ராத்தா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் கரைந்திருக்கும். ராத்தா சொல்லவில்லை. ருக்கியாவும் விடவில்லை. இரண்டு பேரும் ஒரே உம்மாவின் பால் குடித்தவர்கள், வீம்பு மட்டும் குறைவாகவா இருக்கும்?

ஹாஜியார் மௌத்தான நேரம் ராத்தாவுக்குச் சுகமில்லை, ஆஸ்பத்திரியில் இருந்தாள். எழும்பினதும் வருவாள் என்று ருக்கியா நிச்சயமாக நம்பினாள். வாரங்கள்தான் வந்தன.

அப்போதுதான் வீரம்மா ஒரு சேதி கொண்டுவந்தாள். கேட்டில் எத்தனை தரம் அமுக்கினாலும் உள்ளேயிருந்து பதிலே இல்லை என்று மீன்காரன் சந்தியில் வைத்துக் குறைப்பட்டானாம். அப்படியென்றால் ராத்தாவும் வந்திருக்கலாம், அமுக்கிப் பார்த்திருக்கலாம். மறுநாளே பிலிமத்தலாவையில் ரேடியோ, அம்பிளிபயர் திருத்துகிற ராஜலிங்கத்துக்கு ஆள் போயிற்று.

ராஜலிங்கம் வந்தார். வாய் ஓயாத மனிதர். ஒவ்வொரு ஸ்குரூவைக் கழற்றும்போதும் அதன் குற்றம் குறைகளைச் சொல்லிக்கொண்டே கழற்றினார். இன்டர்கொம் திருத்த இரண்டு முனையிலும் ஆள் வேண்டும். அவர் இருக்கிற பக்கம் ருக்கியா வர முடியாது. அதனால் அவர் மேலே நின்று சொல்வதை வீரம்மா இறங்கி வந்து சொல்லி, இவள் சொல்வதை ஏறிப்போய் அங்கே சொன்னாள். இந்த முழங்காலுக்கு யார் வயர் இழுத்துக் கொடுப்பது என்று கேட்டுக் கேட்டே ஏறினாள்.

முதலில் கரண்ட் வருகிறதா என்று பார்த்தார், வந்தது. கேட்டுப் பெட்டியைத் திறந்தார். எறும்பு மண் கட்டியிருந்தது, தட்டிவிட்டுச் செம்புத் தகடுகளில் பச்சை பிடித்திருந்ததைச் சுரண்டினார். குரங்குகள் தொங்கித் தொங்கி வயரை அறுத்திருக்கும் என்று அடித்துச் சொன்னார். அளந்து பார்த்தால் வயர் முழுசாக இருந்தது. குரங்கின் மேல் போட்ட பழியை எடுத்துக் குசினிப் பெட்டியின் மேல் போட்டார். ருக்கியா உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள, இறங்கி வந்து அதையும் பிரித்தார். அதுவும் நன்றாகவே இருந்தது.

"அம்மாகிட்ட சொல்லு, இதுல ஒரு பழுதும் இல்ல" என்று அவர் வீரம்மாவிடம் சொன்னது கதவுக்கு இந்தப் பக்கமே கேட்டது. எறும்பு மண் சும்மா அழுக்குத்தானாம், அதற்கெல்லாம் மெஷின் நிற்காதாம்.

ருக்கியா கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். பழுதில்லை. அப்படியானால் மீன்காரன் பொய் சொல்லியிருக்கிறான், ராத்தா வரவில்லை. கணவன் செத்த தங்கச்சியைப் பார்க்கக்கூட வராத அளவுக்கு அவள் மனம் கல்லாகிவிட்டது. அழுகை வரவில்லை.

ஆனால் ராஜலிங்கம் விடுகிற ஆளில்லை. கேட்டில் அமுக்கினால் மின்சாரம் போகிறது, குசினியில் மணி அடிக்கவில்லை, அப்படியென்றால் சத்தம் வேறெங்கோ போய்ச் சேருகிறது என்றார். மூன்றாவது பெட்டி எங்கே என்று கேட்டு அனுப்பினார்.

மூன்றாவது பெட்டி ஹாஜியாரின் அறையில். ஜனாஸா எடுத்த பின் அவள் பூட்டிய அறை அது. சாவியை வீரம்மாவிடம் கொடுக்க மனம் வரவில்லை. ராஜலிங்கத்தைக் கேட்டுக்கு வெளியே போய் அமுக்கிப் பார்க்கச் சொல்லிவிட்டுத் தானே படியேறினாள்.

உள்ளே தைல வாடை அப்படியே இருந்தது. தலையணையில் அவர் தலை வைத்த பள்ளம்கூட இருந்தது. அவள் அதைப் பார்க்காமல் மேசைப் பக்கம் போனாள். அந்த நேரம் பார்த்துப் பெட்டி மெல்லிய சத்தத்தில் ர்ர் என்றது. நோயாளிக்குத் தலைவலிக்கும் என்று அவர் குறைத்து வைத்திருந்த சத்தம். அறைக் கதவைத் தாண்டாது. தொடர்ந்து ராஜலிங்கத்தின் குரல் வந்தது.

"அம்மா, கேக்குதுங்களா? அந்தப் பெட்டியில ரெண்டு ஸ்விட்ச் இருக்கும். அமுங்கி இருக்கா, மேல நிக்குதா?"

"ரெண்டும் அமுங்கி ஈக்கி" என்று பேசுகிற பொத்தானை அமுக்கிச் சொன்னாள். "மேலால பிளாஸ்டர் ஒட்டி ஈக்கி."

அவர் நிதானமாகச் சொன்னார்.

"அதாங்க வெசயம். ஒண்ணு, கேட்டுச் சத்தத்தக் குசினிக்கு விடாம அந்த ரூமுக்கு மட்டும் திருப்பி விடுறது. மத்தது, அமத்துன ஒடனே தானா பேச்சக் கேக்குறது. அது கீழ இருந்தா இங்க கேட்டுல சிவப்பு லைட்டு பத்தும். வந்தவங்க உள்ளுக்கு ஆள் கேட்டுக்கிட்டு இருக்குனுதான் நெனைச்சிருப்பாங்க."

அவளுக்கு விளங்கிவிட்டது. படுக்கையில் விழுந்த பிறகும் வருகிறவர்களுக்கெல்லாம் ஹாஜியார்தான் பதில் சொல்வார். ருக்கியா இப்போதுதான் கண் அயர்ந்தாள், பின்னேரம் வாருங்கள் என்பார். விரலில் பலம் போனதும் ஸ்விட்சின் மேல் பிளாஸ்டர் ஒட்டி வைத்திருக்கிறார். அவள் படியேறி இறங்கிக் களைக்கக் கூடாதாம். மனுசன் பாசத்தால் செய்துவைத்த வேலை.

வெளியே ராஜலிங்கம் இன்னொருவரோடு பேசுவது கேட்டது. எதிர்க்கடைத் தையல்காரன் நளீர். உள்ளே யாரும் கேட்காமலா இந்த மெஷின் எரிந்துகொண்டிருந்தது என்று அவன் ஆச்சரியப்பட்டான். மாமி இத்தாவில் இருப்பதால் குரல்கூட வெளியே கொடுப்பதில்லை என்று இந்தப் பாதையில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்களாம். மரியாதைக்காக யாரும் கேட்டைத் தட்டவில்லையாம். பாவம், நாவலப்பிட்டியிலிருந்து ஒரு பொம்பிளை இரண்டு தரம் காரில் வந்து, அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி நின்று அழுது அழுது பேசிவிட்டுப் போனார்கள் என்றான்.

ருக்கியா மறுபடியும் பேசுகிற பொத்தானை அமுக்கினாள்.

"நளீர், அவங்க என்ன சொன்ன?"

சுவருக்குள்ளிருந்து குரல் வந்ததில் நளீர் திடுக்கிட்டிருக்க வேண்டும்.

"அல்லாஹ்வுக்காக மாமி, ஒரு சொல்லும் கேக்கல்ல. பொம்பள ஒருத்தி அழுது பேசுறாங்க, நான் காது குடுக்கப்படாதே. தையல் மெஷின வேகமா மிதிச்சிக்கிட்டு ஈந்த."

மனிதர்களின் நல்ல பழக்கத்தின் மேல் அவளுக்கு வாழ்நாளில் முதல்முறையாக ஆத்திரம் வந்தது. நளீர் மேல் வந்தது, பாதை முழுக்க இருந்த மரியாதைக்காரர்கள் மேல் வந்தது, பிளாஸ்டர் ஒட்டிவிட்டுப் போன ஹாஜியார் மேலும் வந்தது. ராத்தா வந்திருக்கிறாள். வந்து, தங்கச்சி கேட்டுக்கொண்டே வாய் திறக்காமல் இருக்கிறாள் என்று நினைத்துத் திரும்பிப் போயிருக்கிறாள். அது போதாதென்று இன்னொரு தரமும் வந்திருக்கிறாள். ருக்கியா பிளாஸ்டரை நகத்தால் கிழித்து எடுத்துவிட்டு, தலையணைப் பக்கம் திரும்பி வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் விடிந்ததும் வீரம்மாவை நாவலப்பிட்டிக்கு அனுப்பினாள். இன்டர்கொம் கோளாறு, நான் ஒன்றையும் கேட்கவில்லை என்று சொல்லச் சொன்னாள். சொல்லி அனுப்பிய பிறகுதான், ஊரில் யாரும் சொல்கிற பொய்ச்சாட்டுப் போலவே அது இருக்கிறது என்று பட்டது. நம்புவாளா? பகல் முழுவதும் குசினியை விட்டு நகரவில்லை. சோற்றை வடித்தாள், சாப்பிடவில்லை.

பின்னேரம் குசினிப் பெட்டி ஒலித்தது. பழைய பலத்த சத்தம்.

"ருக்கி" என்றது குரல். ஒன்பது வருடத்தில் அது கிழடாகியிருந்தது.

"ராத்தா, சத்தியமா நான் கேக்கல்ல. ஒரு சொல் கேக்கல்ல. என்ன சொன்னீங்க?"

மேட்டில் ஒரு லொறி கியர் மாற்றி ஏறிப்போன சத்தத்துக்கு மேலால் ராத்தாவின் குரல் வந்தது.

"ஒம்பது வருஷமா வாயில வச்சிக்கிட்டு ஈந்தத சொன்ன, ருக்கி. ரெண்டு தரம் சொன்ன. இன்னொருக்கா சொல்றதுக்கு எனக்கு ஏலா. கேட்டத் தொற."

ருக்கியா சாவியை எடுத்துக்கொண்டு படியேறினாள். எந்த வார்த்தைக்காக ஒன்பது வருடம் வீம்பு பிடித்தாளோ, அது சொல்லியாகிவிட்டது. இவள் கீழே உலை வைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு பகலில், ஆளில்லாத அறைக்குச் சொல்லியாகிவிட்டது. இனி அது அவள் காதுக்கு வராது. ராத்தாவோடு திரும்பி வந்திருந்த வீரம்மா, கேட்டுக்கு வெளியே நின்று பாதையில் ஆண்கள் இல்லை என்று சைகை காட்டினாள். ருக்கியா கேட்டைத் திறந்தாள். ராத்தா பாதியாக மெலிந்திருந்தாள். ருக்கியா அவள் கையைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேரும் மெல்ல மெல்லப் படியிறங்கினார்கள்.