ராம்கி எழுதிய நானூறு வரிகள்

சுரவரியை வானதி ஒருத்திதான் பார்த்துக்கொண்டிருந்தாள். சுரங்களை எழுதிக் கொடுத்தால் மெட்டாக வாசித்துக் காட்டும் மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து திருத்தவும் செய்யலாம். தஞ்சாவூரில் ஒன்றாகப் படித்த நாளில் அவளும் ராம்கியும் தொடங்கியது. ராம்கி கனடா போன புதிதில் தினமும் ஏதாவது திருத்தி அனுப்புவான். அப்புறம் மாதம் ஒருமுறை ஆனது. இந்த இரண்டு வருஷமாக ஒன்றும் இல்லை.

குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது முத்துப்பேட்டையிலிருந்து நஃபீசா என்ற பாட்டு டீச்சர் எழுதியிருந்தார். பிள்ளைகளுக்காக வேகத்தைக் குறைத்தால் சுரத்தை அசைக்கும் கமகம் இழுத்துக்கொண்டே போய் அடுத்த சுரத்தின்மேல் ஏறிவிடுகிறதாம்.

ஒரத்தநாட்டுப் பக்கம் இருந்த வீட்டில் வானதியைத் தவிர யாரும் இல்லை. அப்பாவும் அம்மாவும் அண்ணனோடு சிங்கப்பூரில் இருந்தார்கள். வாசலுக்கு எதிரே அறுவடை மெஷின் ஓட, ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆறு நாள் கேட்டாள். ஓரிடத்தில் சரிசெய்தால் இன்னோரிடத்தில் பிசகியது. கமகத்துக்காக ராம்கி எழுதிய நானூறு நிரல் வரிகளையும் எடுத்துவிட்டுப் புதிதாக எழுதினால்தான் சரிப்படும். சுரவரியில் அவன் எழுதியதாக மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

சாயங்காலம் போன் செய்தாள். அவனுக்கு அப்போது காலை நேரம்.

"கமகம் வாசிக்கிறதுக்கு நீ எழுதினியே, அத எடுக்கப் போறேன் ராம்கி."

"நானா எழுதினேன்?"

"ஆமா. மூணு வாரம் உக்காந்து எழுதின."

"ஞாபகமே இல்ல வானதி. எடுத்துடு, அதுக்கென்ன? இன்னும் நீ அத விடலியா? சரி, மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசறேன்."

இவள் பதில் சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று எதிர்பார்த்திருந்தாள். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள் என்பது அவளுக்கே தெரியவில்லை. நானூறு வரிகளையும் அழித்தாள். புதிதாக எழுத நூற்றிருபது வரிகளே போதுமானதாக இருந்தன. அதுதான் அவளை என்னவோ செய்தது.

புதிய பதிப்பை வெளியிட்ட நாலாம் நாள் நஃபீசா போனிலேயே கூப்பிட்டார்.

"இப்ப அருமையா வருதுங்க. பிள்ளைங்க கூடவே பாடுதுங்க. உங்க டீம்ல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. எத்தன பேருங்க இருக்கீங்க?"

"நான் ஒருத்திதாங்க."

அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஒரு நாள் முத்துப்பேட்டைக்கு வாங்களேன்," என்றார் நஃபீசா.

"கண்டிப்பா வர்றேங்க," என்றாள் வானதி. என்றைக்கு என்று அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.