கட்டிலோரத்து பிளக் பாயின்ட்

ஊரார் வீடுகளில் பிளக் பாயின்ட் வைத்தே இருபத்தாறு வருஷம் ஓட்டிய எலக்ட்ரீஷியன், அன்று சாயங்காலம் தன் வீட்டுக் கட்டிலோரத்தில் இருந்ததைக் கழற்றிக்கொண்டிருந்தார். மெயினை அணைத்து, ஒயர் முனைகளில் டேப் சுற்றி உள்ளே தள்ளி, மேலே வெற்று மூடியை வைத்துத் திருகினார். நாளெல்லாம் ஏணியில் நின்ற முழங்கால் கெஞ்சியது. கூலி இல்லாத வேலை என்றால் ஸ்க்ரூ டிரைவருக்குக்கூடச் சோம்பல் வந்துவிடுகிறது. விளக்கு போனதும் அடுத்த அறையில் தையல் மெஷின் நின்றது. ஏன் போனது என்று மனைவி கேட்கவில்லை.

போனில் பேட்டரி செத்து வருஷமாகிறது. ஒயரில் செருகினால்தான் அதற்கு உயிர். வேலை விட்டு வந்தால் கட்டிலில் சாய்வது, செருகுவது, யாரோ மலை ஏறுவதையும் யாரோ மீன் பிடிப்பதையும் கண் எரியும்வரை பார்ப்பது என்றே அவர் பொழுது போனது. இனித் தொடமாட்டேன் என்று மூன்று தடவை சத்தியம் செய்தார். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். இவர் பேச்சு விடியும்வரைகூடத் தாங்கவில்லை. மனசை நம்பிப் பிரயோஜனமில்லை, சுவரைத்தான் மாற்ற வேண்டும் என்று கடைசியில் தோன்றியது. சுவர் அவருக்குத் தெரிந்த விஷயம். இனிமேல் போனுக்குச் சமையலறைக் கதவுக்கு மேலே இருக்கும் பாயின்ட்தான். நின்றுகொண்டே பார்க்க வேண்டும். இந்த முழங்கால் ஐந்து நிமிஷம் தாங்காது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மனைவியின் விரலில் மெஷின் ஊசி இறங்கிவிட்டது. "ஏங்க" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். அவருக்குக் கேட்டது. "இதோ வரேன்" என்றுகூடச் சொன்னார். தூண்டிலில் அப்போதுதான் மீன் மாட்டியிருந்தது. அவர் எழுந்து போனபோது மாடி வீட்டுக்காரி அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தாள். பாதி தைத்த சட்டையில் ரத்தம் இருந்தது. திரும்பி வந்தவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் புண்ணியமாய்ப் போயிருக்கும். அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள், சாப்பிடக்கூட. தட்டு வைக்கிற சத்தம் கேட்டு இவராகப் போய் உட்கார வேண்டும். இன்னொரு தடவை அந்த "ஏங்க" காதில் விழுந்துவிட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

மெயினைப் போட்டார். போனை உயரத்தில் மாட்டிவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்து மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் மெஷினை விட்டுவிட்டு மடியில் ஒரு சட்டையை வைத்துப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல. கட்டில்கிட்ட இருந்த பாயின்ட்ட எடுத்துட்டேன். சும்மா இங்க உக்காரலாம்னு."

"சரி" என்றாள்.

அவளுக்கு வெள்ளெழுத்து வந்த நாள் முதல் ஊசி கோத்துக் கொடுப்பது அவர் வேலை. அதைக் கேட்டுத்தான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கூப்பிடுவாள். இப்போது மெஷின் மேல் சின்னப் பஞ்சுத் திண்டில் நாலைந்து ஊசிகள், நூல் கோத்தே குத்தியிருந்தன.

"இதெல்லாம் யாரு கோத்தது?"

"மாடி வீட்டக்கா. காலையில பத்து கோத்துக் குடுத்துட்டுப் போவாங்க. அன்னிக்குப் பொழுது ஓடிடும்."

குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் வலித்தது. அவள் எந்தச் சத்தியமும் செய்யவில்லை. அவரைக் கூப்பிட வேண்டிய அவசியமே வராதபடி ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள், அவ்வளவுதான். அவர் இன்றைக்குத் தொடங்கியதை அவள் இரண்டு மாதத்துக்கு முன்பே முடித்திருந்தாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, ஊசிகள் ஒவ்வொன்றாய்த் தீர்வதைப் பார்த்திருந்தார். கடைசி ஊசியும் தீர்ந்தபோது இன்னும் இரண்டு பட்டன் பாக்கியிருந்தது.

"குடு" என்று கையை நீட்டினார்.

டேப்பின் கறுப்புப் பிசின் ஒட்டிய அந்த விரல்களை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நூல் நுனியை வாயில் வைத்து ஈரமாக்கி, ஊசியை விளக்குக்கு நேரே தூக்கிக் கண்ணைச் சுருக்கினாள். நூல் ஊசியின் காதுக்குப் பக்கத்தில் விலகிப் போனது. மறுபடியும் ஈரமாக்கினாள். மறுபடியும் விலகியது. அவர் கையை மடக்காமல் உட்கார்ந்திருந்தார்.