டீசல் இல்லாத மதியம்

பாகலூர் சாலையில் இருந்த அந்தச் சிறிய மருத்துவமனையின் பழைய ஜெனரேட்டர் லாரியில் ஏறிப் போன நாளிலிருந்து, மேலாளர் பூங்கொடிக்குச் சரியான தூக்கம் இல்லை. அதை அனுப்பச் சொன்னதே அவள்தான்.

ஓசூரில் அப்போதெல்லாம் மின்வெட்டு இல்லாத நாளே கிடையாது. ஜெனரேட்டர் பொது வார்டுச் சன்னலுக்கு நேர் பின்னால் நின்றது. அது ஓடத் தொடங்கினால் கரும்புகை உள்ளே வரும். மூச்சிரைப்புக்காகச் சேர்ந்தவர்கள் துண்டாலும் சேலைத் தலைப்பாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு கிடப்பார்கள். வைத்தியத்துக்கு வந்த இடத்திலேயே இப்படியா என்று அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான், மருத்துவமனைகள் டீசல் எரிப்பதைப் பாதியாகக் குறைத்துக் கரியமில வாயுவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிருஷ்ணகிரியில் அதிகாரிகள் கூட்டம் போட்டுக் கேட்டபோது, முதலில் சம்மதம் சொன்னாள்.

மருத்துவமனையை நடத்திவந்த குழந்தை மருத்துவர் ஜெபமணிக்குத் தயக்கம்தான்.

“பொறுப்பு நீ எடுத்துக்கிறியாம்மா?”

“எடுத்துக்கிறேன் சார்.”

மாடியில் சூரிய ஒளித் தகடுகள் ஏறின. படிக்கட்டுக்கு அடியில் பேட்டரிகள் வரிசையாக அமர்ந்தன. அவசரத்துக்குச் சிறிய ஜெனரேட்டர் ஒன்று வாங்குவதாகவும் பேச்சு. பேட்டரியே தாங்குகிறதே என்று பூங்கொடி அதைத் தள்ளிப்போட்டாள். நோயாளிகள் யாரும் குறை சொல்லிவிடக் கூடாதென்று வார்டு மின்விசிறிகளையும் பேட்டரியிலேயே சேர்க்கச் சொன்னாள். இந்த இரண்டையும் பிறகு நினைத்து நினைத்து நொந்துபோனாள்.

மே மாதத்தில் ஒருநாள் காலையிலிருந்தே வானம் மூடிக்கிடந்தது. மதியம் காற்றோடு மழை பிடித்துக்கொண்டது. மின்சாரம் போனது. வழக்கம்போல் வந்துவிடும் என்று எல்லோரும் இருந்தார்கள். வரவில்லை. மின்வாரியத்துக்குப் போன் போட்டால், மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டது, சாயங்காலம் ஆகும் என்றார்கள்.

எலக்ட்ரீஷியன் பெரியதம்பி நனைந்த சட்டையோடு வந்து நின்றான்.

“மேடம், பேட்டரி கீழ எறங்கிட்டே போவுதுங்க. மாடியில இருந்து ஒண்ணும் வரல.”

பச்சிளங்குழந்தை அறையில் ஒரே ஒரு குழந்தை இருந்தது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் செல்லிக்கு மாதம் நிறையாமல் பிறந்த பெண் குழந்தை. சூடு தரும் விளக்குக்குக் கீழே, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, கோழிக்குஞ்சு மாதிரிக் கிடந்தது. விளக்கும் ஆக்சிஜன் இயந்திரமும் பேட்டரியில்தான் ஓடிக்கொண்டிருந்தன.

“வார்டு ஃபேன் எல்லாத்தையும் நிறுத்து, பெரியதம்பி. லைட்டையும்.”

“சண்டைக்கு வருவாங்க மேடம்.”

“வரட்டும். நான் பேசிக்கிறேன்.”

வந்தார்கள். ஒருவர் காசைத் திருப்பிக் கேட்டார். இன்னொருவர் கன்னடத்தில் திட்டினார். பூங்கொடி கட்டில் கட்டிலாகப் போய், குழந்தைக்காக என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். சொல்லச் சொல்ல அவள் குரலே அவளுக்கு நம்பிக்கையில்லாமல் கேட்டது. நடுவில் சிப்காட் தொழிற்பேட்டையில் தெரிந்த ஒரு தொழிற்சாலைக்குப் போன் செய்து, வண்டியில் வைத்த ஜெனரேட்டர் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டாள். அனுப்பினார்கள். விழுந்த மரம் அந்த வண்டியையும் மறித்துக்கொண்டது.

பெரியதம்பி மறுபடி வந்தான். “பேட்டரி தீரப் போவுதுங்க மேடம்,” என்றான்.

அவள் ஜெபமணியிடம் ஓடினாள். “சார், ரொம்ப நேரம் தாங்காது. என்னாலதான் சார்.”

“அதெல்லாம் அப்புறம்,” என்றார் ஜெபமணி. “ஆக்சிஜனை சிலிண்டருக்கு மாத்திடலாம். சூடுதான் பிரச்சனை. ஒடம்போட ஒடம்பா ஒட்டி வெச்சா போதும். செல்லிக்குக் காய்ச்சல் அடிக்குது, இன்னிக்கு வேணாம். அவ புருஷன் எங்க?”

முனிவேல் வராந்தாவில் நின்றிருந்தான். வேலை முடிந்து அப்படியே வந்தவன், கம்பெனிச் சட்டையோடு இருந்தான். விஷயத்தைச் சொன்னதும் பின்வாங்கினான்.

“எனக்குத் தெரியாதுங்க சார். கையெல்லாம் ஆயில் வாசனங்க. நசுக்கிட்டா?”

“நசுக்க மாட்ட. போய்ச் சோப்புப் போட்டு நல்லாக் கழுவிட்டு வா. சட்டையக் கழட்டு.”

நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, அவன் வெற்று மார்பில் குழந்தையைக் கவிழ்த்துப் படுக்கவைத்தார்கள். தலைக்குக் குல்லாய் போட்டு, மேலே போர்வையைச் சுற்றினார்கள். முனிவேல் மூச்சு விடவே பயந்தான்.

“மூச்சு விடுப்பா. கொழந்தைக்கும் அதுதான் வேணும்,” என்றார் ஜெபமணி.

விளக்கு அணைந்தது. மழைச் சத்தம் மட்டும். பூங்கொடி பக்கத்தில் மண்டியிட்டுக் குழந்தையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீலம் தட்டுகிறதா, இல்லை மங்கல் வெளிச்சமா என்று தெரியவில்லை. சிலிண்டர் அளவுமானியின் முள்ளைப் பார்ப்பாள், உதட்டைப் பார்ப்பாள், மறுபடி முள். ஒரு தடவை குழந்தை அசையாமல் கிடந்தது. அவளுக்கு உயிரே போனது. ஜெபமணி அதன் பாதத்தைச் சுண்டினார். மெல்லியதாக ஓர் அழுகை வந்தது. முனிவேலின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கக் கையை எடுக்க அவனுக்குத் துணிவில்லை. பூங்கொடி தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள்.

ஜெபமணி வெப்பமானியை எடுத்துப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. வெளக்கைவிட அப்பன் நல்லா வேலை செய்யறான்.”

பொழுது சாய்கிற நேரத்தில் மின்சாரம் வந்தது. வார்டில் யாரோ கைதட்டினார்கள். முனிவேல் மட்டும் குழந்தையைக் கொடுக்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

அடுத்த கூட்டத்துக்குள் இந்தச் செய்தி மாவட்டம் முழுக்கப் பரவியிருந்தது. கிருஷ்ணகிரியில் ஒவ்வொரு மருத்துவமனைக்காரராக எழுந்து, இது நடக்கிற காரியமில்லை, எங்களை விட்டுவிடுங்கள் என்றார்கள். ஒருவர் அவளைக் கைகாட்டி, “இந்தம்மாவையே கேளுங்க,” என்றார்.

அதிகாரி கேட்டார். “நீங்களும் விலகிக்கிறீங்களா?”

பூங்கொடி எழுந்தாள்.

“இல்லைங்க. தப்பு நடந்தது, என்னாலதான். பேட்டரியில எது இருக்கணும், எது இருக்கக் கூடாதுன்னு நான் பிரிக்கல. சின்ன ஜெனரேட்டரையும் வாங்காம விட்டேன். குழந்தை அறைக்கும் ஆபரேஷன் அறைக்கும் தனி வயரு, தனி பேட்டரி, அதுக்கு மட்டும் ஒரு சின்ன ஜெனரேட்டர். இதச் செஞ்சிட்டுத்தான் டீசலக் குறைக்கணும்னு விதியிலயே எழுதுங்க. ஆனா குறைக்கணும். எங்க வார்டுல இப்ப யாரும் மூக்கப் பொத்திக்கிறதில்லைங்க.”

கூடத்தில் சலசலப்பு. சிலர் விலகத்தான் செய்தார்கள். சிலர் இருந்தார்கள். அவள் சொன்னதை அதிகாரி குறித்துக்கொண்டார். பின்னால் அந்த நிபந்தனை திட்டத்தில் சேர்ந்தது. சிறிய ஜெனரேட்டரை மருத்துவமனையின் கடைக்கோடியில், உயரமான புகைக்குழாயோடு வைத்தார்கள். அதை இயக்க வேண்டிய தேவை எப்போதாவதுதான் வந்தது.

செல்லியின் குழந்தை எடை கூடி வீட்டுக்குப் போனது. கிளம்பும்போது முனிவேல் பேருந்தில் யாரிடமும் கொடுக்காமல் தானே சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஏறினான். நடத்துனர் ஏதோ கேட்க, “தூங்குதுங்க, மெல்லப் பேசுங்க,” என்றான்.