பாட்டு மட்டும் வரல

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. மற்ற எழுத்தாளர்களுக்கு ஆழ்மனதிலிருந்து வருகிறதாம். எனக்குப் பக்கத்து வீட்டிலிருந்துதான் வரும். சாயங்காலம் கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தேன். திடீரென்று ஒரு பெண் குரல், என் அலமாரிக் கண்ணாடி கடகடவென்று ஆடும்படி பாடியது. சண்டை போடத்தான் எழுந்து போனேன். கதையோடு திரும்பினேன். சண்டை இன்னும் பாக்கி.

முதல் வரியை இப்படி எழுதினேன்:

ஒளி ஒலியாக மாறும் அந்த மெல்லிய இழையில் மானுடத்தின் தீராத் தனிமை

(எழுதியதும் எனக்கே புல்லரித்தது. எனக்குப் புல்லரித்தால் அடித்துவிடுவது வழக்கம்.)

அப்புறம் இப்படி: பக்கத்து வீட்டு இசை விமர்சகர் தன் கம்ப்யூட்டருக்கு ஒரு சவுண்ட்பார் வாங்கினார்.

இதில் மானுடம் இல்லை. இருக்கட்டும்.

2

விமர்சகர் லேசுப்பட்டவர் இல்லை. அவர் 'பரவாயில்லை' என்று எழுதினால், அந்தப் பாடகர் வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடமாட்டார்கள். அரங்குகளில் ஒலியமைப்பு கெட்டுக் குட்டிச்சுவராகிவிட்டது என்று சொல்லி வெளியே போவதையே நிறுத்திவிட்டார். பாடகர்கள் பதிவை அனுப்புவார்கள். வீட்டு மேஜையில் உட்கார்ந்து கேட்பார். சமீப காலமாக எல்லோரிடமும் ஒரே குறையைத்தான் கண்டார்: 'உச்சத்தில் குரல் காணாமல் போகிறது.' மற்ற விமர்சகர்களும், ஆமாம் ஆமாம், காணாமல்தான் போகிறது என்று எழுத ஆரம்பித்தார்கள். ஒரு பாட்டு வாத்தியார் உச்சத்துக்கென்றே தனி வகுப்பு தொடங்கிவிட்டார்.

காணாமல் போனது குரல் இல்லை என்பது விமர்சகரின் மனைவிக்கு மட்டும் தெரியும். காலிங் பெல் அடித்தால் அவர் எழுந்திருக்கமாட்டார். பெரிய மனுஷன், எழுந்தால் கௌரவம் குறைந்துவிடும் என்றுதான் அந்தம்மா ரொம்ப நாள் நினைத்திருந்தார். முகத்துக்கு நேராக நின்று பேசினால்தான் பதில் வருகிறது என்று பிறகு பிடிபட்டது. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

(இங்கே அந்தம்மாவைக் கொஞ்சம் அழவைக்கலாமா என்று பார்த்தேன். மாட்டேன் என்றுவிட்டார். உலை வைக்க வேண்டுமாம்.)

3

அன்றைக்குப் பதிவு அனுப்பியிருந்தவள் ஒரு சின்னப் பெண். முதல் பாட்டு. மறுநாள் விமர்சனம் போக வேண்டும். கம்ப்யூட்டரின் பழைய ஸ்பீக்கரை நம்ப முடியாது என்று சொல்லி, விமர்சகர் சவுண்ட்பார் வந்த பெட்டியைப் பிரித்தார். சத்தத்தை வெளிச்சமாக்கிக் கடத்தும் ஆப்டிகல் கேபிள் வழியாக வந்தால் சத்தம் சுத்தமாக இருக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

கேபிளின் இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் மூடி இருந்தது. அந்தம்மா இரண்டையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். விமர்சகர் மேஜைக்கடியில் தவழ்ந்து போய்க் கம்ப்யூட்டரின் பின்பக்கம் ஒரு முனையைச் செருகினார்.* மறுமுனையை மனைவியின் உள்ளங்கைக்கு நேராகப் பிடித்தார். சிவப்பாக ஒரு புள்ளி விழுந்தது.

"பாரு, வெளிச்சம் வருது. வெளிச்சம் வந்தா சத்தம் வந்துதானே ஆகணும்?"

அந்த முனையைச் சவுண்ட்பாரில் செருகி, கம்ப்யூட்டர் திரையில் சத்தம் அதற்குப் போகும்படி மாற்றி, பாட்டைப் போட்டார். கம்ப்யூட்டரில் சத்தத்தைக் கூட்டினார். பிறகு ரிமோட்டில். பிறகு மறுபடி இரண்டிலும். அந்தம்மாவுக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பொத்தவில்லை.

"டொம் டொம்னு ஏதோ வருது. பாட்டு மட்டும் வரல," என்றார் விமர்சகர். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தப் பொண்ணுக்கும் உச்சத்துல குரலே இல்ல போல. உனக்கு வருதா?"

அவருக்குப் பின்னால் சவுண்ட்பாரில் அந்தப் பெண் உச்சத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தாள். அந்தம்மா கணவரின் முகத்துக்கு நேராக வந்து நின்றார்.

"எனக்கும் வரலைங்க. அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. வயர்தான் கோளாறு."

*இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்பவர்களுக்கு: பாதி அந்தம்மா பிறகு மாடிப்படியில் சொன்னது. மீதிக்கு, எங்கள் சுவர் மெல்லிசு.

4

அந்த நேரம் பார்த்து நான் பெல் அடித்தேன். அந்தம்மா கதவைத் திறந்தார். என் கோபத்தைப் பார்த்தார். மூடிகள் இருந்த கையைப் பொத்தியபடி, தலையை மெல்ல அசைத்தார். வேண்டாம் என்றா, சொல்லிவிடுங்கள் என்றா? சத்தியமாக எனக்குப் புரியவில்லை.

பின்னாலேயே விமர்சகர் வந்தார். பாட்டு அலறிக்கொண்டிருந்ததால் அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

"நல்லவேளை வந்தீங்க சார். உங்க வீட்டுக்குக் கேட்டுச்சா?"

5

முடிவு ஒன்று: இல்லை என்கிறேன். அவர் வேறு வயர் வாங்குகிறார். அப்புறம் இன்னொன்று. பழியை எத்தனை வயர் தாங்கும்? ஒருநாள் அது அந்தப் பெண்ணின் தொண்டைக்குத் திரும்பும்.

முடிவு இரண்டு: கேட்டது என்கிறேன். அவர் உள்ளே போய்ப் பாட்டை நிறுத்துகிறார். பிறகு மனைவியைப் பார்க்கிறார், அந்தம்மா பொய் சொன்னதற்காக இல்லை, எத்தனை நாளாக என்று

(இதற்குமேல் எழுத வரவில்லை.)

முடிவு மூன்று: கரண்ட் போகிறது. (கதைகளில் எழுத்தாளனுக்குக் கை நடுங்கும்போதெல்லாம் கரண்ட் போகும். அடித்துவிட்டேன்.)

நான் ஏதோ சொன்னேன்தான். அதை எழுதப்போவதில்லை. வாசலில் நீங்கள் நில்லுங்கள். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெண் நன்றாகத்தான் பாடுகிறாள். என்ன சொல்வதென்றாலும் நிதானமாகச் சொல்லுங்கள். கேள்வி கேட்ட பிறகு அவர் உங்கள் கண்ணைப் பார்க்கவில்லை. உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.